வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

பொழுதுபோக்கு என்றதும் முத்திரை சேர்த்தல், தோட்டம் செய்தல், கிரிக்கெட் விளையாடுதல் என்பனவே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சாதாரண தரத்தில் படித்த காலத்தில் ‘எனது பொழுதுபோக்கு’ என்ற தலைப்புக் கிடைத்தபோது முத்திரை சேர்ப்பதாகவே எழுதினேன். உண்மையில் என்னிடம் ஒரு முத்திரைகூட இருக்கவில்லை. அந்தக் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது என்பது வேறு விடயம். இன்று அதே தலைப்பைத் தந்தால் பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் நான் எழுதப்போவதில் மகிழ்ச்சிக்குச் சமமாகத் தொல்லைகளும், சில இடங்களில் வெட்கமும் கலந்திருக்கும்.

திருகோணமலையில் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைதூரத்தில் எங்கள் வீடு அமைந்துள்ளது. அந்த வீட்டின் முன்னறையில் நான்கு அடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கின்றது. அதில் நிரம்பியிருப்பது கடல்நீர். உள்ளே பழைய முருகைக்கற்களும், தோல் போன்ற மென்முருகை ஒன்றும், இரண்டு கோமாளி மீன்களும், ஒரு சிவப்பு இறாலும் வாழ்கின்றன. 2012ஆம் ஆண்டு நான் இந்தத் தொட்டியை நிறுவிய நாளில் அம்மம்மா வாசற்படியில் அமர்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“உனக்கென்ன விசரே தம்பி? கடல் அங்க சும்மா கிடக்கு. அதை ஏன் வாளியில அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ள வைக்கிறாய்?”

அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

நான் பிறந்தது 1985ஆம் ஆண்டு. எங்கள் தலைமுறையினருக்குக் கடல் கண்ணுக்கு முன்னால் இருந்தும் எட்டாத பொருளாகவே இருந்தது. யுத்த காலத்தில் மீனவர்களே நினைத்த நேரத்தில் கடலுக்குப் போக முடியாத நிலை. சிறுவர்களாகிய நாங்கள் கரையில் நின்று அலையை மட்டும் பார்த்தோம். நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சந்தை மீன்களைக் கொண்டே ஊகித்துக்கொண்டோம். விஞ்ஞான ஆசிரியராக நியமனம் பெற்ற பின்னர், 2010ஆம் ஆண்டில், சக ஆசிரியர்களுடன் முதன்முறையாகப் புறாத்தீவுக்குச் சென்றேன். நிலாவெளிக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட சிறு தீவு அது. எங்கள் ஊரவர் அதனைப் புறாமலை என்றும் அழைப்பர்.

வாடகைக்குப் பெற்ற முகமூடியை அணிந்து தலையை நீருக்குள் வைத்தேன். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைகள், மேசைபோல் விரிந்த முருகைகள், அவற்றிடையே கூட்டம் கூட்டமாகத் திரும்பும் மீன்கள். ஓரிடத்தில் கடல் அனிமனி ஒன்று விரல்களை விரித்தபடி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து என் சுண்டுவிரல் அளவான கோமாளி மீன் ஒன்று பாய்ந்து வந்து என் முகமூடிக் கண்ணாடியை முட்டியது. மீண்டும் மீண்டும் முட்டியது. தன்னைவிட நூறு மடங்கு பெரிய மனிதனை வீட்டு வாசலில் நின்று விரட்டும் அந்தத் துணிவு என்னை ஆட்கொண்டது. கரையேறிய பிறகும் அந்த மீனையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனது பொழுதுபோக்கின் ஆரம்பம் இதுதான்.

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 250 லீற்றர் நீர் கொள்ளும். நீரின் நிறை மட்டும் 250 கிலோகிராமுக்கு மேல். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த மேசையே போதும் என நினைத்தேன். எங்கள் ஊர்த் தச்சர் அந்த மேசையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, “சேர், இது மீனோட சேர்த்து உங்களையும் தாட்டுப்போடும்” என்றார். பாலை மரத்தில் அவரே புதிய தாங்கி ஒன்று செய்து தந்தார்.

அடுத்தது உப்பு. கடல்நீரின் ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கின்றது. அப்படியானால் 250 லீற்றருக்கு எட்டே முக்கால் கிலோகிராம் சமையல் உப்பைக் கரைத்தால் சரிதானே என்று தம்பி கேட்டான். இது தவறு. உப்பளத்தில் கடல்நீர் ஆவியாகும்போது கல்சியம் காபனேற்றும் கல்சியம் சல்பேற்றும் முதலில் படிந்துவிடும். கறியுப்பு அதன் பின்னரே பளிங்காகின்றது. மகனீசியம் மிகுந்த கசப்பான நீர் கடைசியில் எஞ்சும், அதை அகற்றிவிடுவார்கள். ஆகவே நமது சமையலறை உப்பு, கடலிலிருந்து பலவற்றைக் கழித்த பின் கிடைக்கும் ஒரு பகுதி மாத்திரமே. கல்சியம் இல்லாத நீரில் முருகை எப்படித் தன் கூட்டைக் கட்டும்? இதைத் தம்பிக்கு விளக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை நீண்ட நாள் நிலைக்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கடல்நீரை இருபது லீற்றர் கான்களில் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தோம். பதின்மூன்று கான்கள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு கலக்கின்றது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் கலங்கி, கரையோர நீரின் உப்புச் செறிவும் குறைந்துவிடும். எனவே மழைக்கு முன்னரே நீரை எடுத்து மூடிய பீப்பாய்களில் சேமிக்கும் வழக்கம் ஏற்பட்டது. வயல்காரர் நெல் சேமிப்பது போல நான் கடலைச் சேமித்தேன்.

முருகைக்கற்களைப் பெறுவது அதனினும் கடினம். கடலிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுப்பது நம் நாட்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. தேசிய பூங்காவுக்குள் ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுத்துவர முடியாது, எடுத்துவரவும் கூடாது. இந்த யோசனையில் இருந்தபோது வீட்டின் பின்புறத்தில் இடிந்து கிடந்த பழைய கிணற்றுக்கட்டு கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் கரையோர ஊர்களில் முருகைக்கல்லைக் கொண்டு சுவரும் கிணறும் கட்டினார்கள், அதைச் சுட்டுச் சுண்ணாம்பும் எடுத்தார்கள். கிணற்றுக் கற்களில் நல்லவற்றைத் தெரிந்து, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி, மூன்று மாதம் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். அம்மம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ர அப்பா கடலில இருந்து கொண்டுவந்து கட்டின கல்லு. நீ திரும்பக் கடலுக்கே அனுப்புறாய்” என்றார். குரலில் கோபம் இருந்ததா மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை.

இனி வெட்கத்துக்குரிய பகுதி.

தொட்டியில் நீர் நிரப்பி, கற்களை அடுக்கி, பம்பிகளை இயக்கிய மறுநாளே மூன்று நீல நிறச் சிறுமீன்களை வாங்கிவந்து விட்டேன். நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது. மீன்கள் நீந்தின. அயலவர் வந்து பார்த்துப் பாராட்டிச் சென்றனர். நான்காம் நாள் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள் ஒன்று இறந்தது. ஏழாம் நாள் மூன்றும் இல்லை. பூக்கள் செந்நிறமாக வீங்கிப்போயிருந்தன.

மாணவ நண்பர்களே, அவ்வேளையில் நான் மூன்று வருடங்களாக வகுப்பறையில் நைதரசன் வட்டம் கற்பித்துக்கொண்டிருந்தவன். கரும்பலகையில் அம்புக்குறிகளை அழகாக வரைவேன். உயிரிகளின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். ஒரு வகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக ஒட்சியேற்றும். இரு பற்றீரியாக்களின் பெயரையும் பிழையின்றி எழுதாத மாணவருக்குப் புள்ளி குறைப்பேன். ஆனால் என் தொட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் இன்னும் குடியேறவில்லை என்ற எண்ணம் எனக்கு ஒருகணமும் தோன்றவில்லை. மீன்கள் தங்கள் கழிவிலேயே நஞ்சூட்டப்பட்டு இறந்தன. கடல்நீர் சற்றுக் காரத்தன்மையானது, அதன் பீஎச் பெறுமானம் சுமார் 8.2. அந்நிலையில் அமோனியாவின் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிடக் கடுமையாகின்றது. இதுவும் எனக்குத் தெரிந்த இரசாயனமே. தெரிந்தும் என்ன பயன்?

பிறகு மீனில்லாத தொட்டியில் ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, நாள்தோறும் சோதனைக் குழாயில் நீரை எடுத்துத் துளித்துளியாக மருந்து விட்டுப் பார்த்தேன். அமோனியா கூடியபோது குழாயின் நிறம் பச்சையானது. மூன்றாம் கிழமை பச்சை மங்கி, நைத்திரைற்றுச் சோதனை ஊதாவாக மாறியது. ஆறாம் கிழமை முடிவில் ஊதாவும் மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் அம்மம்மாவின் கிணற்றுக் கற்களின் துவாரங்களில் குடியேறி வேலையைத் தொடங்கிவிட்டன. அந்த வருடம் நைதரசன் வட்டத்தைக் கற்பித்தபோது குழாய்களையும் வகுப்புக்குக் கொண்டுசென்றேன். இறந்த மூன்று மீன்களைப் பற்றியும் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

2013ஆம் ஆண்டு ஒரு சோடிக் கோமாளி மீன்களும் ஒரு கடல் அனிமனியும் வந்துசேர்ந்தன. திரைப்படத்தில் வரும் செம்மஞ்சள் மீன் அல்ல இது. எங்கள் கடலிலேயே வாழும், கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டிகளும் மஞ்சள் வாலும் கொண்ட இனம். அனிமனியின் விரல்களில் கொட்டும் கலங்கள் உண்டு. வேறு சிறு மீன்கள் பட்டால் மரத்துப்போகும். கோமாளி மீனின் உடலைப் போர்த்தியுள்ள சளிப்படை அதனைப் பாதுகாக்கின்றது. எனினும் புதிய அனிமனியைக் கண்டதும் அது நேரே பாய்ந்து உட்புகுவதில்லை. முதலில் வாலால் தொட்டது, விலகியது. பிறகு வயிற்றால் உரசியது, விலகியது. இரண்டு மணித்தியாலம் இந்த விளையாட்டு நடந்தது. இரவு உணவுக்கு அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் நான் எழும்பவில்லை. கடைசியில் பெரிய மீன் முழுவதுமாக உள்ளே புதைந்து தலையை மட்டும் வெளியே நீட்டியது. புறாமலையில் என்னை முட்டிய மீனின் முகம் அதே முகம்தான்.

கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. சோடி சேர்ந்ததும் வலிமையான பெரிய மீன் பெண்ணாக மாறும். பெண் இறந்துவிட்டால் ஆண் அந்த இடத்தைப் பிடித்துப் பெண்ணாகும். இதனை மாணவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் பெரிய மீன் சின்ன மீனை எப்படி அதட்டுகிறது என்பதைக் கண்டு சிரித்தார்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் பார்ப்பது இன்னொரு மகிழ்ச்சி. நான் வாங்காத உயிர்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். கடல்நீரோடு முட்டையாகவோ குடம்பியாகவோ வந்து, கற்களில் வளர்ந்த சிறு குழாய்ப்புழுக்கள், கண்ணாடியில் ஊரும் கடுகளவு நத்தைகள், தூசுபோல் துள்ளும் சிற்றுயிர்கள். இரண்டாம் வருடத்தில் வெள்ளைக் கற்கள் மேல் ஊதா நிறப் பூச்சு ஒன்று படர்ந்தது. அது சுண்ணாம்பைப் படியவைக்கும் ஒருவகை அல்கா. இறந்த கிணற்றுக்கல் மறுபடியும் உயிர் பெற்றது போலிருந்தது.

தொல்லைகளைச் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். உப்பு நீர் சும்மா இருக்காது. பம்பியால் எழும் குமிழிகள் உடைந்து, உப்பு மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்து, மின்செருகிகளில் வெள்ளைப் படையாகப் படியும். தொலைக்காட்சிப் பெட்டி துருப்பிடித்து நின்றது. மின்கட்டணப் பட்டியலை நான் வீட்டாருக்குக் காட்டாமல் மறைத்துவைத்த மாதங்களும் உண்டு. 2014ஆம் ஆண்டில் வெளிர் நீல உடலும் கறுப்பு முகமும் கொண்ட அழகான மீன் ஒன்றைக் கண்டு மயங்கி வாங்கினேன். பத்தாம் நாள் அதன் உடலெங்கும் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. ஒட்டுண்ணி நோய். செப்புச் சேர்வை மருந்து இதற்கு உண்டு. ஆனால் அதனைத் தொட்டியில் விட்டால் அனிமனியும் இறாலும் இறந்துவிடும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, பெரிய தொட்டியை இரண்டு மாதத்துக்கு மேல் மீனில்லாமல் வைத்திருந்தேன். கோமாளி மீன்கள் பிழைத்தன. நீல மீன் பிழைக்கவில்லை. சுவரற்ற கடலில் நாள் முழுதும் மேய்ந்து திரிந்த மீனை நான்கு அடிக்குள் அடைத்தது என் பேராசை.

இன்னொரு சம்பவம் சிரிப்பும் அழுகையும் கலந்தது. 2015ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்காகப் பத்து நாள் கொழும்பு செல்ல நேர்ந்தது. “தண்ணி குறைஞ்சா ஊத்துங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. தொட்டியிலிருந்து மின்விசிறிக் காற்றில் நாளொன்றுக்கு மூன்று நான்கு லீற்றர் ஆவியாகும். ஆவியாவது நீர் மாத்திரம், உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஊற்ற வேண்டியது நன்னீர். அம்மா என் மேல் இருந்த பாசத்தால் பீப்பாயில் நான் சேமித்திருந்த கடல்நீரையே கவனமாக அளந்து ஊற்றியிருக்கிறார். திரும்பிவந்து பார்த்தபோது அனிமனி சுருங்கிப்போய்க் கிடந்தது. 35 லீற்றர் கடல்நீர், அதாவது ஒன்றேகால் கிலோகிராம் வரையான மேலதிக உப்பு. லீற்றருக்கு 35 கிராமாக இருந்தது 40 ஆகிவிட்டது. திரவமானி 1.025க்குப் பதிலாக 1.030 காட்டியது. ஒரேயடியாகச் சரிசெய்தால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும் என்பதால், ஒரு கிழமை முழுவதும் சிறிது சிறிதாக உப்புநீரை எடுத்து நன்னீர் விட்டேன். அம்மா அந்தக் கிழமை தொட்டிப் பக்கமே வரவில்லை. பிழை அவருடையதல்ல என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை.

அம்மம்மா 2017ஆம் ஆண்டு காலமானார். கடைசி மாதங்களில் அவரது சாய்மனைக் கதிரை தொட்டிக்கு முன்னால்தான் இருந்தது.

2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, மின்வெட்டு. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்டது. விளக்கில்லாமல் படித்த மாணவர்களுக்கு மீன்தொட்டியின் கதையைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகவும் இருக்கின்றது. மக்கள் சோற்றுக்கு அல்லற்பட்ட காலத்தில் இது ஒரு கவலையா என்று கேட்டால், கேட்பவர் சொல்வது நியாயம். ஆனால் தொட்டிக்குள் இருந்தவை தாமாக அங்கே வந்தவை அல்லவே.

பம்பி நின்றால் நீரோட்டம் நிற்கும், ஒட்சிசன் குறையும். நீர் சூடாகும்போது அதில் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவும் குறைகின்றது. இரண்டும் ஒன்றாக நடந்தன. பற்றரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்று வைத்திருந்தேன். பற்றரியின் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. பின்னர் கடைகளில் கிடைக்கவேயில்லை. அதன் பிறகு கையால்தான். நான், மனைவி, தம்பி, அம்மா என முறைவைத்து, ஜக்கில் நீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து மீண்டும் தொட்டிக்குள் ஊற்றினோம். நுரை எழும்பும், அந்த நுரையோடு காற்றும் கலக்கும். இருட்டில் ‘சளக், சளக்’ என்ற ஓசை இரவு முழுவதும் கேட்கும். மின்சாரம் வந்த நேரத்தில் நீர்ப்போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, அடுத்த மின்வெட்டில் தொட்டியில் மிதக்கவிட்டோம். மீன்கள் பிழைத்தன.

அனிமனிதான் வெளிறத் தொடங்கியது. அதன் உடலின் பழுப்பு நிறம் உண்மையில் அதனுடையதல்ல. அதன் இழையங்களுக்குள் வாழும் ஒருகல அல்காக்களின் நிறம் அது. அவை ஒளித்தொகுப்பால் ஆக்கும் உணவில் பெரும்பங்கை அனிமனிக்குக் கொடுக்கின்றன. அனிமனி அவற்றுக்கு இருப்பிடமும் போசணையும் வழங்குகின்றது. ஒன்றிய வாழ்வுக்கு உதாரணமாக நீங்கள் எழுதுவது இதைத்தான். முருகைகளிலும் இதே ஏற்பாடு. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து அல்காக்கள் வெளியேற்றப்படும். எஞ்சுவது வெள்ளை உடல். 1998ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் சூடானபோது ஹிக்கடுவையிலும், கல்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற்பாறைகளிலும் இவ்வாறுதான் பெருமளவு முருகைகள் வெளிறி இறந்தன. அதனைப் பற்றிப் பல தடவை வாசித்திருக்கிறேன். வெப்பமானி 33 பாகை செல்சியசைக் காட்டிய சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில், என் முன்னறையிலேயே அது நடந்துகொண்டிருந்தது.

மூன்று பாகை வெப்பம். வெயிலில் நடந்து வரும் நமக்கு அது ஒன்றுமேயில்லை.

இறால் துண்டுகளை நுணுக்கி ஊட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, அதன் பிடி தளர்ந்து கல்லிலிருந்து விழுந்து கிடந்தது. இறந்த அனிமனி சில மணித்தியாலத்தில் அழுகி முழுத் தொட்டியையும் நஞ்சாக்கிவிடும் என்பதால் உடனே கைவிட்டு எடுத்தேன். பெண் மீன் என் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த பல நாட்களுக்கு இரண்டு மீன்களும் அந்த வெற்றுக் கல்லின் மேலேயே இரவைக் கழித்தன. தொட்டியில் வேறு எத்தனையோ மறைவிடங்கள் இருந்தும் போகவில்லை.

நிலைமை சீரானதும் புதிய அனிமனி வாங்க முடிவு செய்தேன். கடையில் ஒன்று வந்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் பதினோராம் தர வகுப்பில் இதைப் பெருமையோடு கூறினேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, அதிகம் பேசாதவள், கையை உயர்த்தினாள்.

“சேர், அந்த அனிமனியில முதல் இருந்த மீன் இப்ப எங்க இருக்கும்?”

எனக்குப் பதில் வரவில்லை. நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணைகளில் பெருக்கப்படுபவை. கடல் அலங்கார மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சுழியோடிகள் எங்கள் கிழக்குக் கடலுக்கு வருவார்கள், பிறகு காற்று மாறினால் அவர்களும் மாறிச் செல்வார்கள். அவர்களுடைய பிழைப்பு அது. கவனமாகக் கைவலையால் பிடிப்பவர்களும் உண்டு. முருகையின் மேல் வலையைப் போர்த்துக் கிளைகளை உடைத்துப் பிடிக்கும் தடைசெய்யப்பட்ட முறையும் உண்டு. என் மீன்கள் எந்த முறையில் வந்தவை என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஓர் அனிமனி பல பத்தாண்டுகள் உயிர்வாழக்கூடியது. அதை நான் ஒன்பது வருடம் வைத்திருந்து சாகவிட்டேன். இப்போது இன்னொரு சோடி மீனை வெற்றுக் கல்லின் மேல் தூங்கவைத்துவிட்டு அவற்றின் வீட்டை வாங்கப் போகிறேன். அன்று மாலை கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு தொட்டிக்கு எந்த உயிரையும் விலைகொடுத்து வாங்கவில்லை. இப்போதிருக்கும் மென்முருகைகூட, கொழும்பிலுள்ள நண்பர் தன் தொட்டியில் வளர்ந்து பெருகியதிலிருந்து கைப்பிடியளவு வெட்டித் தந்தது. மீன்களைக் கடலில் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தொட்டியில் தொற்றிய நோய் எதுவும் அவற்றோடு கடலுக்குப் போகக்கூடாது. அதனால் அவை இருக்கும்வரை இருக்கட்டும். பன்னிரண்டு வருடத்தைக் கடந்துவிட்டன. நன்கு பராமரித்தால் இன்னும் பல வருடம் வாழக்கூடும்.

மென்முருகை வந்து எட்டு மாதம்வரை மீன்கள் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் காலை பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் தற்செயலாகப் பார்த்தேன். பெண் மீன் அதன் மடிப்பில் வயிற்றை உரசிக்கொண்டிருந்தது. விலகியது. வாலால் தொட்டது. மறுபடியும் விலகியது. அன்று பாடசாலைக்குப் பிந்திப் போனேன்.

இப்போது இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை அவை முட்டையிடுகின்றன. மென்முருகைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லை ஆண் மீன் வாயால் கொத்திக் கொத்திச் சுத்தப்படுத்தும். செம்மஞ்சள் நிற முட்டைகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும். ஒரு கிழமையளவில் முட்டைகளுக்குள் வெள்ளிநிறக் கண்கள் தெரியும். பொரிக்கும் குஞ்சுகளை வளர்க்க மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றேன். அவற்றின் வாய்க்கேற்ற நுண்ணுணவைப் பெருக்குவது இன்னும் எனக்குக் கைவரவில்லை. நாலாவது முறைக்காக மாடிப்படியின் கீழ் பச்சை நீர்ப் போத்தல்கள் ஆறு வரிசையாக நிற்கின்றன. அம்மா அவற்றை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறார்.

அவை முட்டையிடும் கல்லின் ஓரத்தில் கிணற்றுக் கயிறு உராய்ந்து உண்டான பள்ளம் ஒன்று இருக்கின்றது. ஆண் மீன் அந்தப் பள்ளத்தில் உடலைச் சாய்த்துக்கொண்டு, இரவும் பகலும் செட்டையால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்கும்.